இன்றைய பயந்தாங்கொள்ளி

இருபத்தொரு பாட்டில்களையும் மூன்றாவது முறையாக எடைபோட்டு முடித்துவிட்டு, அருளானந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் சண்டைக்குத் தயாராகிவிட்டார் என்பது அந்த ஆய்வகத்துக் கூண்டுகளில் இருக்கும் எலிகளுக்குக்கூடத் தெரியும்.

"மேடம், கொஞ்சம் இங்க வாங்க."

அங்கயற்கண்ணி பிளாஸ்க்கையும் டம்ளரையும் கையில் வைத்துக்கொண்டே வந்தாள். மதியம் ஒன்றரை மணி. மதுரையில் அந்த நேரத்தில் டீ குடிப்பவர்களை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். ஆனால் அவளுக்குக் கொஞ்ச காலமாக எந்த நேரமும் பசி, எந்த நேரமும் டீ.

"கீழ் வார்டுல இருந்து வந்த பாட்டிலு. ஒண்ணுல ஆறு வேளை மருந்து. வாரத்துல ஆறு நாள் டூட்டி, நாளைக்கு ஒரு வேளை. அப்ப திங்கக்கிழமை நம்ம கைக்கு வரும்போது காலியா வரணுமா இல்லையா?"

"வரணும்."

"வரல. இருபத்தொண்ணுலயும் ஒரு வேளை மிச்சம். மாடி வார்டு பாட்டிலு பூராம் சுத்தமாக் காலி."

"இத போன மாசமே சொன்னீங்களே அருளானந்து."

"அதுக்கு முந்தின மாசமும் சொன்னேன். நீங்க சரி சரின்னு தலைய ஆட்டிட்டு பிஸ்கட் எடுத்துச் சாப்பிட்டீங்க. ஒரு ஆளு ஒரு நாள் மறக்கலாம் மேடம். இருபத்தொரு பேரும் வாரம் தவறாம, சொல்லி வச்ச மாதிரி ஒரே ஒரு நாள் மறப்பாளுகளா? ஏழு மாசமா?"

"மறக்குறாங்கன்னுதான் ஆர்டர் போட்டாச்சே. இன்னைக்கு ரெண்டு மணி ஷிப்ட்ல இருந்து சூப்பரிண்டெண்ட் கண்ணு முன்னாடி வச்சு அடிக்கணும். ஒருத்தரும் தப்ப முடியாது." அங்கயற்கண்ணி டம்ளரை நிரப்பினாள். டீ ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. பதினாலு மாதமாக அவள் கை நடுங்குவதே இல்லை.

அந்த பாட்டில்களைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நம் மூளைக்குள் சின்னச் சின்னப் புரதத் துணுக்குகள் ஓயாமல் சேதி சொல்லிக்கொண்டே இருக்கின்றன. நியூரோபெப்டைடு என்று பெயர். சில, ஆபத்து ஆபத்து என்று கத்தும். சில, ஒன்றுமில்லை படு என்று தட்டிக்கொடுக்கும். தட்டிக்கொடுக்கும் ரகத்தில் ஒன்றைப் பிடித்து, அதைப்போலவே இன்னொன்றை ஆய்வகத்தில் செய்து, மூக்கில் அடித்துக்கொள்ளும் தண்ணீராக மாற்றுவதற்கு அங்கயற்கண்ணிக்குப் பத்தொன்பது வருஷம் ஆனது. ஒரு முறை அடித்தால் அன்றைக்கு நெஞ்சு படபடக்காது, குடல் முறுக்காது, மண்டைக்குள் யாரும் கத்த மாட்டார்கள். பக்க விளைவு ஒன்றே ஒன்று, பசி.

யாருக்குக் கொடுத்துப் பார்ப்பது என்ற கேள்வி வந்தபோது அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தை வார்டு நர்சுகள்தான். கையளவு உயிர்களை ஷிப்டுக்கு ஷிப்ட் காத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பெற்ற பிள்ளையிடம் எரிந்து விழுகிறவர்கள். அங்கே கீழே ஒரு வார்டு, மாடியில் ஒரு வார்டு. ஒன்றுக்கு நிஜ மருந்து, மற்றதற்கு வெறும் உப்புத்தண்ணீர். எது எதற்குப் போகிறது என்பது நர்சுகளுக்கும் தெரியாது, எடைபோடுகிற அருளானந்துக்கும் தெரியாது. ஏழு மாத முடிவில் கீழ் வார்டின் கணக்கு ஆச்சரியமாக இருந்தது. ஊசி மருந்தில் தவறு பாதியாகக் குறைந்திருந்தது, வேலையை விட்டு நின்றவர் ஒருவர்கூட இல்லை. மாநிலம் முழுக்கக் கொடுத்துவிடலாம் என்று சுகாதாரத் துறை துடித்தது. அவளுடைய இறுதி அறிக்கையில் ஒரு கையெழுத்துதான் பாக்கி. இன்று மாலை போட வேண்டும்.

முதல் ஆளாக அடித்துக்கொண்டவளும் அவள்தான். பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனையிலிருந்து திரும்பி வந்து நாலாவது தரம் இழுக்கிற ஜாதி அவள். அந்த அவஸ்தை ஒரே வாரத்தில் போனது. வீட்டில் கணவர் நிம்மதி என்றார். ஆய்வு மாணவர்கள் நாலு பேரும் பார்த்துவிட்டு ஆளுக்கொரு பாட்டில் எடுத்துக்கொண்டார்கள். புனேயில் படிக்கும் மகள் மட்டும் ஒரு நாள் போனில், "ராத்திரி பஸ்ல தனியா வந்தேம்மா. நீ ஒரு தடவகூட போன் பண்ணலயே" என்றாள். அதைக் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. அதனால் அங்கயற்கண்ணியும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அருளானந்துக்கு மட்டும் கொடுப்பினை இல்லை. மூக்கில் சதை வளர்ந்து அறுவை செய்துகொண்டவர், எதையும் அடிக்கக்கூடாது. ஆக, அந்த ஆய்வகத்தில் படபடவென்று அடித்துக்கொள்ளும் நெஞ்சு அவருடையது ஒன்றுதான்.

"மறக்கல மேடம்." அவர் குரல் தாழ்ந்தது. "நேத்து கோயில்ல பாக்கியத்தாயப் பாத்தேன். கீழ் வார்டுல துப்புரவு வேலை பாக்குதுல்ல, அந்தம்மா. பேச்சுக் குடுத்து வாயப் புடுங்கினேன். சொல்லிருச்சு."

"என்ன சொன்னாங்க?"

"மருந்து ஆரம்பிச்ச மூணாவது வாரம். ஒரு குறைமாசப் புள்ள மூச்ச நிறுத்திருச்சு. அலாரம் அடிக்குது. ஆறு நர்சு உள்ள இருக்காளுக. ஒருத்தியும் ஓடல."

"ஓடலன்னா?"

"நடந்து போனாளுக மேடம்! ஒருத்தி கையில இருந்த சீட்ட எழுதி முடிச்சிட்டு எந்திரிச்சாளாம். இன்னொருத்தி பாத்துக்கலாம்னு சொன்னாளாம். பாக்கியத்தாய் விளக்குமாத்தப் போட்டுட்டு, அடியே புள்ள நீலமாகுதுடின்னு போட்ட சத்தத்துலதான் ஓடுனாளுகளாம். புள்ள பொழச்சிருச்சு, ஆண்டவன் புண்ணியம். அன்னைலருந்து அவளுகளே ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டாளுக. ஷிப்டுக்கு ஒருத்தி மருந்து போடக்கூடாது. முறை வச்சு."

அங்கயற்கண்ணி எடைச் சீட்டைப் பார்த்தாள். ஷிப்டுக்கு ஏழு பேர் பட்டியலில், ஒருத்திக்கு வார விடுமுறை போக ஆறு பேர் வேலையில். நாளுக்கு ஒருத்தி மருந்தில்லாமல். வாரத்துக்கு ஆளுக்கொரு வேளை மிச்சம். அத்தனை எண்களும் அச்சுப் பிசகாமல் பொருந்தின. எவ்வளவு அழகான கணக்கு என்று நினைத்தாள்.

"அப்படின்னா நம்ம முடிவு எதுவும் செல்லாது" என்றாள். "நாம அளந்தது மருந்த மட்டும் இல்ல. அஞ்சு பேருக்கு மருந்து, ஒருத்திக்கு இல்ல, அந்தக் கூட்டணிய அளந்திருக்கோம். துறைக்கு ஒரு கடிதம் எழுதணும். நாளைக்கு எழுதலாம்."

அவள் டீயை ஒரு வாய் குடித்தாள். ஏலக்காய் வாசனை நன்றாக இருந்தது.

"மேடம்."

"ம்?"

"இப்ப மணி ஒண்ணே முக்கா. ரெண்டு மணி ஷிப்ட்ல சூப்பரிண்டெண்ட் நின்னு ஆறு பேருக்கும் அடிக்க வைக்கப் போறாங்க. நீங்க போட்ட ஆர்டர். அந்த மூணாவது வாரத்துக்கப்புறம் மொத தடவையா அந்த வார்டுல பயப்பட ஒரு ஆளு இருக்காது."

"ஆமா" என்றாள் அவள். "போய்ச் சொல்லிடணும்."

சொல்லிவிட்டு இன்னொரு வாய் குடித்தாள். விஷயம் முழுக்கப் புரிந்திருந்தது. பதினாலு குழந்தைகள், ஆறு நர்சுகள், தன் கையெழுத்து. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. ஆனால் புரிந்தது எதுவும் மண்டையிலிருந்து காலுக்கு இறங்கவில்லை. டம்ளரில் பாதி டீ இருக்கிறது, அதை முடித்துவிட்டுப் போகலாம் என்றுதான் அவளுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

அருளானந்து அவள் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கித் தொட்டியில் வீசினார். பதினோரு வருஷத்தில் அவர் அவளிடம் ஒரு வார்த்தைகூட உரக்கப் பேசியதில்லை.

"ஓடுங்க மேடம்! உங்களுக்குத் தோணாது, எனக்குத் தோணுது. நான் சொல்றேன், ஓடுங்க!"

அவர் சொன்னதற்காக அவள் ஓடினாள். சொன்னதற்காக மட்டும்.

படிக்கட்டில் இறங்கிக்கொண்டே அவர் வார்டுக்குப் போன் போட்டார். எடுத்தது நர்சிங் சூப்பரிண்டெண்ட் அம்மாள். "எழுத்துல வந்த ஆர்டர போன்ல நிறுத்தச் சொன்னா எப்படி சார்? எழுத்துல குடுங்க" என்று வைத்துவிட்டார். அந்த அம்மாள் மேல் குறை சொல்ல முடியாது. முப்பது வருஷ அரசு வேலை அவருக்குக் கற்றுக்கொடுத்தது அது.

அருளானந்துவின் ஸ்கூட்டர் வைகைப் பாலத்தில் பேருந்துகளுக்கு நடுவே நுழைந்து நெளிந்தது. வழியெல்லாம் அவர் வாய்க்குள் ஜெபம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பின்னால் உட்கார்ந்திருந்த அங்கயற்கண்ணி ஆற்றைப் பார்த்தாள். இந்த வருஷம் தண்ணீர் ஓடுகிறதே, பரவாயில்லை என்று நினைத்தாள். நினைத்த அடுத்த கணமே, இப்போது இதை நினைக்கிற பெண் யார் என்றும் நினைத்தாள். பதினாலு மாதத்தில் முதல் தடவையாகத் தன் மேல் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. அதுவும் சூடில்லாத சந்தேகம்தான்.

வார்டு வாசலில் செருப்பைக் கழற்றி, கைகழுவி, மேலங்கி மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது மணி இரண்டு பதினைந்து. சூப்பரிண்டெண்ட் அம்மாள் பதிவேட்டை மூடிக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம். உங்க ஆர்டர்படி ஆறு பேரும் என் கண்ணு முன்னாடி அடிச்சு, கையெழுத்தும் போட்டாச்சு. மூடியத் திறந்தத பாத்தேன், மூக்குல அடிச்சத பாத்தேன். ஒருத்தியும் மூஞ்சியத் திருப்பல."

"ஆறு பேருமா?" என்றார் அருளானந்து கதவுக்கு வெளியிலிருந்து. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஆறு பேரும்."

இன்சார்ஜ் சிஸ்டர் ஜெபக்கனி மேசையருகே நின்றாள். ஐம்பது வயதை நெருங்கும், கனத்த உடம்பு. எதற்கும் அசராத பார்வை. அந்தப் பார்வை இயல்பானதா மருந்தில் வந்ததா என்று அங்கயற்கண்ணியால் சொல்ல முடியவில்லை. மற்ற ஐந்து நர்சுகளும் தொட்டில்களுக்கு நடுவே அவரவர் வேலையில் இருந்தார்கள். குளிர்ச்சியான, சத்தமில்லாத, ஒழுங்கான வார்டு. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் பதினாலு குழந்தைகள்.

அங்கயற்கண்ணி வாயைத் திறப்பதற்குள் ஒன்பதாவது பெட்டியின் அலாரம் அடித்தது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் சில சமயம் மூச்சு விட மறந்துபோகும். உள்ளங்காலைச் சுண்டினால், முதுகைத் தேய்த்தால், நினைவு வந்து மறுபடி விடும். கேட்க எளிதாக இருக்கிறது. அதற்கு இருக்கும் அவகாசம் மிகக் கொஞ்சம்.

மானிட்டரில் ஆக்சிஜன் எண் சிவப்பாக இறங்கிக்கொண்டிருந்ததை அங்கயற்கண்ணி பார்த்தாள். எழுபத்தெட்டு. எழுபத்தொன்று. யாராவது போவார்கள் என்று நினைத்தாள். ஒரு நர்ஸ் தலையைத் திருப்பிப் பார்த்தாள். இன்னொருத்தி கையிலிருந்த பால் குழாயைக் கவனமாகக் கீழே வைத்தாள். எல்லாம் நிதானமாக நடந்தது. அறுபத்திரண்டு.

"ஒம்பது! ஒம்பது!" என்று ஒரு அலறல். வார்டின் கோடியிலிருந்து ஒல்லியான ஒரு பெண் ஓடி வந்தாள். வழியில் ஒரு ஸ்டூலைத் தள்ளிவிட்டாள், சூப்பரிண்டெண்ட் அம்மாளை இடித்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டியின் ஜன்னலைத் திறந்து கையை விட்டு, குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினாள். முதுகைத் தேய்த்தாள். "ராசா, மூச்சு விடு. விடுடா. என் தங்கம்ல, விடுடா." திரும்பி மற்றவர்களைப் பார்த்துக் கத்தினாள். "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? பேக் எடுங்க!"

அவள் கத்தியதும் அந்த ஐந்து பேரும் இயங்கிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே. ஒருத்தி காற்றுப் பையை நீட்டினாள், ஒருத்தி சளி உறிஞ்சும் குழாயை ஓடவிட்டாள், ஜெபக்கனி குழந்தையின் முகத்தில் முகமூடியைப் பொருத்தினாள். ஒரு கைகூட நடுங்கவில்லை. ஐம்பத்தெட்டில் நின்ற எண் மெல்ல ஏறியது. எழுபது, எண்பத்தைந்து, தொண்ணூற்றிரண்டு. பூனைக்குட்டி கத்துவதுபோல் குழந்தை அழுதது.

ஒல்லிப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"இதென்ன?" என்றார் சூப்பரிண்டெண்ட் அம்மாள். "இந்தப் பொண்ணு ரமீஜாதானே? இவளும்தான என் முன்னாடி அடிச்சா?"

ஜெபக்கனி கையுறையைக் கழற்றிவிட்டு வந்தாள். "சொல்லிர்றேன் மேடம். நான் இன்னைக்கு மருந்து போட்டிருக்கேன், உங்ககிட்ட எனக்கு பயமே வராது. அதனால உண்மைய இன்னைக்கே சொல்றதுதான் எனக்கு வசதி."

அவள் ரமீஜாவின் சட்டைப் பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாள். "சனிக்கிழம ஆர்டர் வந்துச்சு. எல்லாரும் கண்டிப்பா அடிக்கணும்னு. என்ன செய்யிறதுன்னு ஒரு நாள் பூராம் யோசிச்சோம். அப்புறம் மாடி வார்டுல போய் ஒரு பாட்டில் கடன் வாங்கிட்டு வந்தோம். ரமீஜா மூக்குல போனது அதுதான்."

"மாடியில இருக்கிறது என்னன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் அங்கயற்கண்ணி. "எங்க ஆபீஸ்லயே அந்தச் சீட்டு உறை போட்டு மூடியிருந்துச்சு. அறிக்கை எழுதத்தான் போன வாரம் பிரிச்சோம்."

அந்தக் கேள்விக்கு வார்டு முழுக்கச் சிரிப்பு எழுந்தது. அழுதுகொண்டிருந்த ரமீஜாவும் சிரித்தாள்.

"உறை எதுக்கு மேடம்? டிபன் கேரியரப் பாத்தா தெரியாதா? நாங்க கீழ பத்து நாள்ல ஆளுக்கு ஒரு அடுக்கு கூட்டிட்டோம். மாடில அவளுக அதே ரெண்டு இட்லிதான். ஒரே கேண்டீன்ல உக்காந்து சாப்புடுறோம். அவளுக மிச்சம் வச்சதையும் நாங்கதான் தின்னோம். பதினோராவது நாளே முடிவாயிருச்சு, அவளுகளுக்கு உப்புத்தண்ணின்னு."

நாலு வருஷம் திட்டம் போட்டு, இரண்டு குழுக்கள் சரிபார்த்து, உறை போட்டு, அரக்கு வைத்து மூடிய ரகசியம் சாம்பார் சாதத்தில் கரைந்துபோயிருந்தது. அருளானந்து வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஏன் சிஸ்டர் எங்ககிட்ட சொல்லல?" என்றாள் அங்கயற்கண்ணி. "அந்த மூணாவது வாரமே சொல்லியிருக்கலாமே."

ஜெபக்கனி ஒன்பதாவது பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "சொன்னா மருந்த நிறுத்திருவீங்க" என்றாள் பிறகு. "எனக்கு இருபத்தாறு வருஷம் சர்வீஸ் மேடம். என் கையில போன புள்ளைக மூஞ்சி ஒண்ணு ஒண்ணா ஞாபகம் இருக்கு. இந்த மருந்து வந்தப்புறந்தான் வீட்ல போய் சோறு தின்னுட்டுத் தூங்குறேன். இந்தா, இவ புருஷன்கூட திரும்பச் சேந்திருக்கா. அந்தா, அவ தூக்க மாத்திரை இல்லாம தூங்குறா. நாங்க அத விட முடியாது. ஆனா எல்லாரும் ஒண்ணா போட்டா புள்ள செத்துரும். ரெண்டும் நெசம். என்ன செய்ய? பயத்தப் பங்கு போட்டுக்கிட்டோம். பயந்தவ ஓடுவா, பயமில்லாதவ கை நடுங்காம ஊசி போடுவா. இன்னைக்கு பயந்தாங்கொள்ளி யாருன்னு கேட்டுட்டுத்தான் ஷிப்ட் ஆரம்பிக்கும். அவளுக்கு அன்னைக்கு சோறு எறங்காது. அவ சாப்பாட்ட நாங்க சாப்பிட்டு, பழம் மட்டும் உரிச்சுக் குடுப்போம்."

சூப்பரிண்டெண்ட் அம்மாள் பதிவேட்டை மறுபடி திறந்தார், மூடினார். "இத நான் பாக்கல" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒன்பதாவது பெட்டியருகே போய் நின்றுகொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

எல்லோரும் எதையோ இறக்கி வைத்தவர்கள் மாதிரி இருந்தார்கள். அருளானந்து சுவரில் சாய்ந்து கண்ணை மூடி, உதடு அசைய நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். ரமீஜாவை இரண்டு பேர் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அங்கயற்கண்ணி தனக்குள் தேடிப் பார்த்தாள். ஒரு குழந்தை போயிருக்கும். அவளுடைய ஆர்டரால் போயிருக்கும். போகவில்லை. இதற்கு ஏதாவது ஒன்று நெஞ்சில் வர வேண்டும். நல்லது என்று ஒரு எண்ணம் மட்டும் வந்து, அடக்க ஒடுக்கமாக ஓரமாய் நின்றது.

ஜெபக்கனி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், நீங்களும் போடுறீங்களா?"

"பதினாலு மாசமா."

"ஒரு நாள்கூட விடாமயா?"

"ஒரு நாள்கூட."

"உங்க ஆபீஸ்ல பயந்தாங்கொள்ளி யாரு அப்ப?"

அங்கயற்கண்ணி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். ஜெபக்கனியும் பார்த்தாள். "நல்ல வேளை, அவராவது இருக்காரு" என்றாள். பிறகு, ஒரு பெரிய விஞ்ஞானியிடம் பேசுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல், தன் ஜூனியரிடம் சொல்வதுபோல் சொன்னாள். "அந்தப் பெரிய அறிக்கையில இன்னைக்கு கையெழுத்துப் போடாதீங்க மேடம். மருந்த நிறுத்துங்க. பயம் வந்தப்புறம் படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க."

அங்கேயே நின்று, சூப்பரிண்டெண்ட் அம்மாளின் பேனாவை வாங்கி, தன் ஆர்டரை ரத்து செய்து எழுத்தில் கொடுத்துவிட்டு அங்கயற்கண்ணி திரும்பினாள்.

பயம் வர மூன்று நாள் ஆனது. வந்தபோது கதவைத் தட்டிவிட்டு வரவில்லை. வியாழக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டாள். அறுபத்திரண்டு, ஐம்பத்தெட்டு என்று அந்தச் சிவப்பு எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மகள் தனியாக வந்த பஸ் வந்தது. உடனே போன் செய்து மகளை எழுப்பி, "எப்படி இருக்க, சாப்பிட்டியா, கதவெல்லாம் பூட்டிக்கிறியா" என்று அடுக்கினாள். "காலைல ஆறு மணிக்காம்மா?" என்று மகள் திட்டினாள். திட்டிவிட்டு நாற்பது நிமிஷம் பேசினாள்.

அன்று அறிக்கையைப் படித்தாள். எழுபத்திரண்டாம் பக்கத்தில், 'அனைத்துப் பணியாளர்களும், ஒருவர் விடாமல்' என்று அவளே எழுதிய வரி இருந்தது. மாநிலம் முழுக்க எத்தனை வார்டு, ஒவ்வொன்றிலும் எத்தனை பெட்டி என்று மனம் தானாகப் பெருக்கியது. பேனாவை மூடிவிட்டு அவள் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுவிட்டாள். புது அறிக்கை எழுதினாள். இந்த ஆய்வு செல்லாது, மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும், ஷிப்டுக்கு ஒருவர் மருந்தில்லாமல் இருந்தே ஆக வேண்டும், இது நர்சுகள் கண்டுபிடித்த முறை என்று எழுதினாள். காணொளியில் துறை அதிகாரி தலையைச் சொறிந்தார். "ஒரு ஆளு பயப்படணும்னு அரசாணையில எப்படி மேடம் போடுறது?" என்றார். "போட்டுத்தான் ஆகணும் சார்" என்றாள். குரல் உடைந்தது. குரல் உடைந்ததாலோ என்னவோ, அவர் மேற்கொண்டு வாதிடாமல் கோப்பை மறு ஆய்வுக்குத் திருப்பி அனுப்பினார்.

அத்தோடு முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள். திங்கட்கிழமை காலை ஏழரைக்கு, வீட்டில் தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது, அந்த எண்ணம் வந்தது. சூப்பரிண்டெண்ட் அம்மாள் இன்றிலிருந்து விடுப்பு. பதிலுக்கு வருகிறவர் யாரோ. பதிவேட்டில் முன்னால் ஒட்டியிருப்பது பழைய ஆர்டர். அதன் கீழே அவள் கையெழுத்து. வருகிறவர் அதைப் படித்துவிட்டு, ஆறு பேரையும் வரிசையில் நிறுத்தினால்? மாடி வார்டு பாட்டிலை நேற்றே வாங்கி வைக்க யாருக்கும் தோன்றியிருக்காவிட்டால்?

தோசை கருகியது. அவள் அடுப்பை அணைத்தாளா என்றுகூடத் தெரியாது. ஒரு செருப்பு மாட்டியபடி, இன்னொன்றைக் காலால் தேடியபடி, வார்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு மணிக்கும் நெஞ்சு எகிறித் தொண்டைக்கு வந்தது. இதையா வேண்டாம் என்று பத்தொன்பது வருஷம் துரத்தினோம் என்று ஒரு பக்கம் நினைப்பு, எடுங்களேன் எடுங்களேன் என்று ஒரு பக்கம் கெஞ்சல்.

"பச்சிளங்குழந்தை வார்டு." ஜெபக்கனி குரல்.

"சிஸ்டர், நான் அங்கயற்கண்ணி. புதுசா வந்தவங்க பழைய ஆர்டர..."

"எடுத்துட்டுத்தான் வந்தாங்க மேடம், கரெக்டா ஏழு மணிக்கு. உங்க ரத்து ஆர்டர நான் அன்னைக்கே லாமினேஷன் பண்ணி வாசல்ல மாட்டிட்டேன். அதக் காட்டினேன், போய்ட்டாங்க. பதினாலும் நல்லா இருக்கு. ஒம்பதாம் நம்பர் பய இன்னைக்கு பெட்டிய விட்டு வெளிய வந்து அம்மா மடியில கிடக்கான். ரெண்டு தடவ பால் குடிச்சான்."

அங்கயற்கண்ணி சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். உடம்பிலிருந்து என்னவோ ஒன்று, இறுக்கி முடிந்து வைத்த அத்தனையும், அவிழ்ந்து வழிந்து ஓடியது. கண்ணீர் வந்தது. சிரிப்பும் வந்தது. "அப்பாடா" என்றாள். பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

"மேடம், ஒண்ணு சொல்லவா?" என்றாள் ஜெபக்கனி. "மொதல்ல எல்லாம் அந்த முறைய எடுத்துக்க ஒருத்தியும் வரமாட்டா. நீ போ நீ போன்னு தள்ளிவிடுவாளுக. சீட்டுக் குலுக்கிப் போட்டோம். இப்ப என்னன்னா சண்டை போடுறாளுக. நான்தான் இன்னைக்கு பயந்தாங்கொள்ளி, நேத்தும் நீதான இருந்தன்னு."

"எதுக்கு சிஸ்டர்? யாராவது விரும்பி பயப்படுவாங்களா?"

"பயப்பட இல்ல மேடம். இப்ப அப்பாடான்னு ஒண்ணு சொன்னீங்களே, அது மருந்து போட்ட அன்னைக்கு வர்றதில்ல."